பேட்ச் ஃபைல் மெனுவில் 1 தட்டினாலும் ‘தவறு’ என்கிறதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில்தான் தினமும் யார் யாருக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தார்கள், வேலை முடிந்து எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு என்ற கணக்கு ஏறுகிறது. பட்டறைக்காரரின் மகன் மாலை நேரத்தில் என்னிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வருகிறான். அப்பாவுக்கு உதவியாக ஒரு சின்ன மெனு எழுதினான். 1 தட்டினால் எடைக் கணக்கு திறக்கும், 2 தட்டினால் பென்டிரைவில் நகல் ஏறும், 3 தட்டினால் நகல் இருக்கும் ஃபோல்டர் திறக்கும், 4 தட்டினால் வெளியேறலாம். விண்டோஸில் தனியாக எதையும் நிறுவாமல் நோட்பேடிலேயே எழுதிவிடலாம் என்பதால் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து ஓட்டும் பேட்ச் ஃபைலைத் தேர்ந்தெடுத்தான். நல்ல தேர்வுதான்.

மறுநாள் வந்து, “அண்ணா, ஒண்ணு தட்டினாலும் தப்புன்னு சொல்லுது, ரெண்டு தட்டினாலும் தப்புன்னு சொல்லுது” என்றான். தட்டிய எண் எது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் இஃப் வரியை மூன்று மணி நேரம் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறான். பிழை அந்த வரியில் இல்லை. அதற்கு முந்தைய வரியில் இருந்தது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அதனால் பிழையைத் தேடும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் கமாண்ட் ப்ராம்ப்டை, அதாவது கட்டளை தட்டும் கருப்பு ஜன்னலை, திறந்து ஹெல்ப் என்று தட்டுங்கள், கட்டளைகள் வரிசையாக வரும். இஃப் /? என்று தட்டினால் இஃப் பற்றிய விளக்கம் முழுவதும் வரும். தேர்வு, கணக்கு, நகல் என்று நான் வைத்திருக்கும் பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், ஜன்னல் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து ஓட்டாதீர்கள். பிழை வந்த அடுத்த நொடியே கருப்பு ஜன்னல் மறைந்துவிடும், செய்தியைப் படிக்க முடியாது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குப் போய், அதன் பெயரைத் தட்டி ஓட்டுங்கள். பிழை வந்தாலும் ஜன்னல் அங்கேயே நிற்கும்.

அப்புறம், முதல் வரியில் இருக்கும் @எக்கோ ஆஃப் என்பதற்கு முன்னால் ரெம் என்று சேர்த்து அதைத் தற்காலிகமாக முடக்குங்கள். இப்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியையும் ஓட்டுவதற்கு முன் திரையில் காட்டும். முக்கியமான விஷயம், மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்களுக்கு, பதிலாக அவற்றின் மதிப்பைப் போட்டுக் காட்டும். இஃப் "1"=="1" என்று தெரிந்தால் ஒப்பீடு சரி. இஃப் ""=="1" என்று தெரிந்தால் உங்கள் தேர்வு மாறிக்குள் போய்ச் சேரவே இல்லை.

இன்னும் தெளிவாகப் பார்க்க, பயனரிடம் எண்ணைக் கேட்டு வாங்கும் செட் /பி வரிக்கும் முதல் இஃப் வரிக்கும் நடுவில் இந்த இரண்டு வரிகளையும் செருகுங்கள்:

எக்கோ [%தேர்வு%]
செட் தேர்வு

சதுர அடைப்பு எதற்கு என்றால், தெரியாமல் ஒட்டிக்கொண்ட இடைவெளியைப் பிடிக்கத்தான். [1] என்றும் [1 ] என்றும் வருவதில் வித்தியாசம் கண்ணில் படும். அடைப்பு இல்லாமல் எழுதினால் அது தெரியாது. மாறி காலியாக இருந்தால் ‘எக்கோ இஸ் ஆன்’ என்று சம்பந்தமில்லாத ஒரு பதில் வேறு வரும். இரண்டாவது வரி, தேர்வு என்று தொடங்கும் எல்லா மாறிகளையும் அவற்றின் மதிப்போடு பட்டியலிடும். பட்டறைப் பையனின் திரையில் வந்தது இது:

[]
தேர்வு =1

சமக்குறிக்கு முன்னால் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அவனுடைய மூன்று மணி நேரத்தைத் தின்றது அதுதான்.

செட் வரியில் இடைவெளி கூடாது

அவன் எழுதியிருந்த வரி:

செட் /பி தேர்வு = எண்ணைத் தட்டுங்கள்:

மற்ற மொழிகளில் சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விட்டு எழுதுவது அழகு என்று சொல்லிக் கொடுப்பார்கள். பைத்தான் படித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கை தானாகவே அப்படிப் போகும். பேட்ச் ஃபைலில் அந்த இடைவெளி மாறியின் பெயரோடு சேர்ந்துவிடும். ‘தேர்வு’ என்று ஒரு மாறி, ‘தேர்வு’க்குப் பின் ஓர் இடைவெளி சேர்ந்த இன்னொரு மாறி. இவை இரண்டும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. பயனர் தட்டிய 1 இரண்டாவதில் போய் உட்காருகிறது. இஃப் வரியோ முதலாவதைத் திறந்து பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை.

சரியான வடிவம்:

செட் /பி "தேர்வு=எண்ணைத் தட்டுங்கள்: "

மேற்கோள்குறி தேர்வுக்கு முன்னால் தொடங்குகிறது, வரியின் கடைசியில் முடிகிறது. இப்படி மொத்தமாகச் சுற்றி எழுதப் பழகிக்கொண்டால், வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் இடைவெளியும் உள்ளே வராது. மதிப்பு கொடுக்கும் சாதாரண செட் வரிக்கும் இதே பழக்கம் நல்லது: செட் "தேர்வு=1".

இங்கே ஒரு குழப்பம் வரும். இஃப் வரியில் இரட்டைச் சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விடலாம், ஒன்றும் ஆகாது. செட் வரியில் மட்டும்தான் கூடாது. ஒரே ஃபைலுக்குள் இரண்டு விதி. விண்டோஸுக்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 1981-ல் வந்தது. அந்த நாள் பழக்கங்கள் பல இந்த மொழியில் அப்படியே தொடர்கின்றன. செட் /பி அதற்கு வெகுகாலம் கழித்து, விண்டோஸ் 2000-ல்தான் சேர்ந்தது.

வெறும் என்டர் தட்டினால் என்ன ஆகும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்ற பிழைகளில் மெனு வேலை செய்யாது, அவ்வளவுதான். இதில் கணக்கே போய்விடும்.

பயனர் எதுவும் தட்டாமல் என்டரை மட்டும் அழுத்தினால் செட் /பி மாறியைக் காலி செய்யாது. ஏற்கெனவே இருந்த மதிப்பை அப்படியே விட்டுவிடும். கொஞ்சம் முன்னால் 2 தட்டியிருந்தால், இப்போது வெறும் என்டரும் 2 தட்டியதற்குச் சமம்.

பட்டறையில் நடந்தது இதுதான். காலையில் அவனுடைய அப்பா 2 தட்டி நகல் எடுத்திருக்கிறார். மெனு ஜன்னல் திறந்தே இருந்தது. மதியம் கணக்குத் தாளில் ஏதோ தவறான விசை பட்டு அன்றைய வரிகள் அழிந்து, அப்படியே சேமிப்பும் ஆகிவிட்டது. “நகல்தான் இருக்குதே, எடுத்துக்கலாம்” என்று நிம்மதியாகக் கருப்பு ஜன்னலுக்கு வந்து, அது விழித்திருக்கிறதா என்று பார்க்க என்டரை ஒரு தட்டு தட்டியிருக்கிறார். உடனே நகல் மறுபடி ஓடியது. அழிந்த தாள், நல்ல நகலின் மேலேயே போய் உட்கார்ந்தது. இரவு வெகுநேரம் அப்பாவும் மகனும் துண்டுச் சீட்டுகளை வைத்து எடைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார்கள். மறுநாள் பையன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. செட் /பி சொல்லிக் கொடுத்த அன்றே இதையும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

தீர்வு ஒரே வரி. கேள்வி கேட்பதற்கு முன் மாறியைக் காலி செய்யுங்கள்:

செட் "தேர்வு="

பட்டறையில் அடுத்த கொலுசைத் தராசில் வைப்பதற்கு முன் ஜீரோ செய்வார்கள் அல்லவா, அதே வேலைதான் இது. அவனிடம் அப்படிச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டான். இந்த வரி மெனு லேபிளுக்கு, அதாவது ஃபைலில் :மெனு என்று பெயரிட்ட இடத்துக்கு, கீழே இருக்க வேண்டும். ஃபைலின் உச்சியில் ஒரே ஒரு தடவை எழுதிவிட்டால், கோட்டூ மெனு என்று திரும்பி வரும்போது அது ஓடாது.

காலி செய்துவிட்டால் இன்னொரு சிக்கல் எட்டிப் பார்க்கும். இஃப் வரியை மேற்கோள்குறி இல்லாமல், இஃப் %தேர்வு%==1 கோட்டூ கணக்கு என்று எழுதியிருந்தால், மாறி காலியாக இருக்கும்போது கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது இஃப் ==1 கோட்டூ கணக்கு என்ற அரைகுறை வாக்கியம். உடனே ‘கோட்டூ வாஸ் அன்எக்ஸ்பெக்டட் அட் திஸ் டைம்’ என்று சொல்லி மொத்த ஃபைலும் நின்றுவிடும். இந்தச் செய்தியைப் பார்த்து கோட்டூ கட்டளையில் பிழை தேடாதீர்கள். இடது பக்கம் காலியாக இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்.

அதனால் இரு பக்கமும் மேற்கோள்குறி போடுங்கள்:

இஃப் "%தேர்வு%"=="1" கோட்டூ கணக்கு

ஒரு பக்கம் மட்டும் போட்டால் எப்போதும் பொருந்தாது. பேட்ச் ஃபைலில் மேற்கோள்குறியும் ஒப்பிடப்படும் எழுத்துகளில் ஒன்று. "1" என்பதும் 1 என்பதும் அதற்குச் சமமில்லை. சமக்குறி இரண்டு இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, தமிழ் விசைப்பலகை

எண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைத்து மெனு எழுதினால், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாக எண்ணப்படும். இஃப் என்பதற்குப் பக்கத்தில் /ஐ சேர்த்தால் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். இது சின்ன விஷயம்.

நம் ஊரில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கில் ஆட்களின் பெயரைத் தமிழில் ஏற்றுகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகையை இயக்கியபடியே மெனு ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். வெளியேற ‘க்யூ’ தட்டினால் விழுவது ‘ஆ’. திரையைப் பார்க்காமல் தட்டுகிறவருக்கு மெனு கெட்டுப்போனது போலத்தான் தோன்றும். எண் விசைகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே தமிழில் வேலை செய்கிறவர்களுக்கான மெனு என்றால் எண்களையே வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

எண்களை எண்களாக ஒப்பிடும்போது

இரட்டைச் சமக்குறி எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுகிறது. 01 தட்டினால் 1-க்குச் சமமாகாது. மெனுவுக்கு இது போதும். பெரியது, சிறியது பார்க்க வேண்டும் என்றால் ஜிடிஆர் (பெரியது), எல்எஸ்எஸ் (சிறியது), ஈக்யூயூ (சமம்) போன்ற மூன்றெழுத்துச் சொற்கள் இருக்கின்றன. பெருங்குறியை, அதாவது > என்பதை, ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். பேட்ச் ஃபைலில் அது வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பி விடும் குறி.

மூன்றெழுத்துச் சொற்களிலும் பொறி உண்டு. இரு பக்கமும் முழு எண்ணாக இருந்தால்தான் அவை எண்ணாக ஒப்பிடும். மேற்கோள்குறி போட்டுவிட்டால் எழுத்து ஒப்பீடாக மாறி, "10" என்பது "9"-ஐ விடச் சிறியது என்று சொல்லும், ஏனென்றால் முதல் எழுத்தான 1 ஒன்பதுக்கு முன்னால் வருகிறது. முன்னால் பூஜ்ஜியம் வைத்த எண்ணை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும், 010 என்பது 8-க்குச் சமமாகிவிடும்.

பையன் அடுத்து ஆசைப்பட்டது, கொடுத்த எடையையும் வந்த எடையையும் மெனுவிலேயே ஒப்பிட்டு, குறைந்தால் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்பது. வேண்டாம் என்றேன். இந்த மொழிக்குத் தசமப் புள்ளி தெரியாது. 102.25 கிராம் 98.5-ஐ விடப் பெரியதா என்று கேட்டால், புள்ளியைப் பார்த்ததும் எழுத்து ஒப்பீட்டுக்குப் போய், இல்லை என்று பதில் சொல்லும். வெள்ளிக் கணக்கில் இப்படி ஒரு பதிலை நம்பவே கூடாது. எடை ஒப்பீட்டைக் கணக்குத் தாளின் சூத்திரத்துக்கு விட்டுவிடுங்கள். மெனு, ஃபைலைத் திறக்கட்டும்.

ஒரு தடவை பிந்தி வேலை செய்கிறதா?

முதல் முறை 1 தட்டினால் ஒன்றும் நடக்காது. அடுத்து 2 தட்டினால் 1-க்கான வேலை நடக்கும். அடுத்து 3 தட்டினால் 2-க்கான வேலை. இந்த அறிகுறி இருந்தால், செட் /பி வரியும் அதைப் பார்க்கும் இஃப் வரியும் ஒரே வளைவு அடைப்புக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

காரணம் இது. அடைப்பு தொடங்கும் இடத்தில் கம்ப்யூட்டர் அது முடியும் வரை மொத்தத்தையும் ஒரே மூச்சில் படித்து, சதவீதக்குறிக்குள் இருக்கும் மாறிகளுக்கெல்லாம் அந்த நேரத்து மதிப்பைப் போட்டுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஓட்டத் தொடங்குகிறது. நீங்கள் எண்ணைத் தட்டும்போது இஃப் வரியில் பழைய மதிப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஃபைலின் மேலே செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பேன்ஷன் என்று எழுதி, அடைப்புக்குள் %தேர்வு% என்பதற்குப் பதில் !தேர்வு! என்று ஆச்சரியக்குறியால் சுற்றுவது ஒன்று. இரண்டாவது, அடைப்பே இல்லாமல் லேபிளும் கோட்டூவும் வைத்து எழுதுவது. புதியவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். மெனு அளவுக்கு அது படிக்கவும் திருத்தவும் எளிது.

லேபிள்களுக்கு இடையே வழுக்கி விழுவது

லேபிள் என்பது ஒரு பெயர்ப்பலகை, கதவு அல்ல. கணக்கு லேபிளின் வேலை முடிந்ததும் கோட்டூ மெனு என்று எழுதாவிட்டால், ஓட்டம் நேராக அடுத்த லேபிளான நகலுக்குள் போய்விடும். 1 தட்டினால் 1, 2 இரண்டுமே நடக்கிறது என்று சொல்கிறவர்களின் பிழை இதுதான், ஒப்பீடு சரியாகவே இருக்கும். அதேபோல் நான்கு இஃப் வரிகளும் பொருந்தாதபோது அடுத்து என்ன என்பதை அவற்றின் கீழேயே எழுதி வைக்க வேண்டும்.

முழு ஃபைல்

@எக்கோ ஆஃப்
செட்லோக்கல்
:மெனு
எக்கோ 1. எடைக் கணக்கு
எக்கோ 2. பென்டிரைவில் நகல்
எக்கோ 3. நகல் ஃபோல்டர்
எக்கோ 4. வெளியேறு
செட் "தேர்வு="
செட் /பி "தேர்வு=எண்: "
இஃப் நாட் டிஃபைன்ட் தேர்வு கோட்டூ மெனு
செட் "தேர்வு=%தேர்வு:"=%"
இஃப் நாட் டிஃபைன்ட் தேர்வு கோட்டூ மெனு
செட் "தேர்வு=%தேர்வு: =%"
இஃப் "%தேர்வு%"=="1" கோட்டூ கணக்கு
இஃப் "%தேர்வு%"=="2" கோட்டூ நகல்
இஃப் "%தேர்வு%"=="3" கோட்டூ ஃபோல்டர்
இஃப் "%தேர்வு%"=="4" எக்ஸிட் /பி
எக்கோ 1 முதல் 4 வரை மட்டும் தட்டுங்கள்.
கோட்டூ மெனு

:கணக்கு
ஸ்டார்ட் "" "டி:\கணக்கு\எடை.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்"
கோட்டூ மெனு

:நகல்
எக்ஸ்காப்பி "டி:\கணக்கு" "ஈ:\நகல்" /ஈ /ஐ /ஒய்
கோட்டூ மெனு

:ஃபோல்டர்
ஸ்டார்ட் "" "ஈ:\நகல்"
கோட்டூ மெனு

நடுவில் இருக்கும் இரண்டு செட் வரிகளில் முதலாவது, பயனர் தட்டிய மேற்கோள்குறியை நீக்குகிறது. அது உள்ளே போனால் இஃப் வரி உடைந்துவிடும். இரண்டாவது, இடைவெளிகளை நீக்குகிறது. ஸ்டார்ட் என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் வெற்று மேற்கோள்குறியை எடுத்துவிடாதீர்கள். முதலில் வரும் மேற்கோளை ஸ்டார்ட் ஜன்னலின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்.

சாய்ஸ் என்ற கட்டளை

ஒற்றை விசை போதும் என்றால் செட் /பி-யையே விட்டுவிட்டு சாய்ஸ் கட்டளைக்கு வரலாம். 1993-ல் எம்எஸ்-டாஸ் 6.0-ல் வந்தது, விண்டோஸ் எக்ஸ்பியில் இல்லாமல் போனது, விஸ்டாவிலிருந்து மறுபடி இருக்கிறது.

சாய்ஸ் /சி 1234 /என் /எம் "எண்: "
இஃப் எரர்லெவல் 4 எக்ஸிட் /பி
இஃப் எரர்லெவல் 3 கோட்டூ ஃபோல்டர்
இஃப் எரர்லெவல் 2 கோட்டூ நகல்
இஃப் எரர்லெவல் 1 கோட்டூ கணக்கு

நீங்கள் அனுமதித்த விசைகளைத் தவிர வேறு எதையும், வெறும் என்டரைக்கூட, அது ஏற்காது. தட்டிய விசை பட்டியலில் எத்தனையாவது என்ற எண் எரர்லெவலில் வந்து உட்காரும். இஃப் வரிகளின் வரிசை மட்டும் பெரிய எண்ணிலிருந்து இறங்கி வர வேண்டும். இஃப் எரர்லெவல் 1 என்பதற்கு ‘1 அல்லது அதற்கு மேல்’ என்று பொருள். அதை முதலில் வைத்தால் எதைத் தட்டினாலும் கணக்குதான் திறக்கும். உங்கள் ஃபைலுக்கே சாய்ஸ் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் முதலில் நிற்கும் ஃபோல்டரில்தான் தேடும், ஃபைல் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டு சுற்றும்.

பட்டறையில் இப்போதும் செட் /பி வடிவம்தான் ஓடுகிறது. சாய்ஸ் விசை பட்டதுமே ஓடிவிடும். எண்ணைத் தட்டி, ஒரு முறை பார்த்து, பிறகு என்டர் அழுத்துவதுதான் பையனின் அப்பாவுக்கு வசதியாக இருக்கிறது.

எந்த வடிவம் எழுதினாலும் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனைகளை வரிசையாகச் செய்து பாருங்கள். 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் தட்டுங்கள். 9 தட்டுங்கள். ஓர் எழுத்தைத் தட்டுங்கள். 1-க்குப் பின் ஓர் இடைவெளி விட்டுத் தட்டுங்கள். ஒற்றை மேற்கோள் விசையை ஷிஃப்ட் பிடித்து, இரட்டை மேற்கோளாகத் தட்டுங்கள். கடைசியாக, கணக்கு ஃபோல்டருக்குப் பதில் ஏதாவது ஒரு சோதனை ஃபோல்டரை வைத்துக்கொண்டு, 2 தட்டி நகல் முடிந்ததும் வெறும் என்டரை அழுத்துங்கள். மெனு மட்டும் மறுபடி வர வேண்டும், நகல் ஓடக் கூடாது.